அரிதட்டுக்குப் பரிந்து பேசத் தெரியாது

கலியாணப் பேச்சுக்காலும் இப்போது கையடக்கத் தொலைபேசிக்குள் போய்விட்டது. முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சாமான் விலையைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் "நல்ல இடம் ஏதும் இருந்தாச் சொல்லுங்க காக்கா" என்பார்கள். இப்போது தொலைபேசியை நீட்டி, "இந்த மாப்புளட விபரத்த ஒருக்காப் பாருங்க, இது உண்மையா இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இது வியாபாரப் பத்தி, இதில் கலியாணத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இணையத்தில் மாப்பிள்ளை தேடுவதும் இன்று ஒரு பெரிய வியாபாரம். அதில் சந்தா கட்டுகிறவர்கள் நாம். சரக்கு சரியில்லையென்றால் அழுகிறவர்களும் நாம்தான். ஆகவே அதன் கணக்கைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

எனக்குத் தொழில் கடலுணவு. பனிச்சங்கேணிக் களப்பில் பிடிபடுகிற இறாலையும் நண்டையும் எடுத்து, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுகிறேன். விடியற்காலையில் தோணிகள் கரைக்கு வரும்வரை பாலத்தடியில் காத்திருக்க வேண்டும். ஓட்டமாவடி, ஏறாவூர், மூதூர் என்று பல ஊர் வியாபாரிகள் நாலைந்து பேர் அங்கே கூடினால், பேச்சு டீசல் விலையில் தொடங்கிப் பிள்ளைகளின் கலியாணத்தில் போய் நிற்கும். அங்கே கேட்டவற்றில் சிரிப்பும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

சிரிப்பை முதலில் சொல்லி விடுகிறேன். ஒரு வாப்பா தன் மகளுக்காக ஓர் இணையத்தளத்தில் பதிந்தார். மகளுக்கு வெட்கம் என்று பதில்களையும் தானே எழுதினார். கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை மரியாதையாக எழுதினார். "சாப்பிட்டீங்களா?", "அங்க மழையா?" என்று நாலு நாள் நல்லபடி போனது. ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: "உங்கட பக்கம் பெரிய வெங்காயம் கிலோ என்ன போகுது?" வங்கியில் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்குமா என்று சந்தேகப்பட்டு நம்மவர் அழைப்பெடுத்தார். எடுத்தவர் மாப்பிள்ளையின் வாப்பா. இருவரும் தம்புள்ளைச் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் லொறி நிறுத்திச் சரக்கு ஏற்றியவர்கள். குரலிலேயே ஆளை அடையாளம் கண்டு கொண்டார்கள். பிள்ளைகள் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாப்பாமார் இருவரும் கூட்டாக வெங்காயம் எடுக்கிறார்கள்.

விபரக் குறிப்புகள் தனிக் கூத்து. படத்துக்குப் பதிலாக ரோசாப்பூ, சிங்கம், இல்லாவிட்டால் அக்காவின் கைக்குழந்தை. "நான் அடக்கமானவன், உம்மாவின் சொல்லைத் தட்டாதவன்" என்று எழுதியிருந்தால், எழுதியது உம்மா என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. தொழில் என்ற இடத்தில் பாதிப்பேர் "பிஸ்னஸ்" என்கிறார்கள். என்ன பிஸ்னஸ் தம்பி என்று ஒருவரிடம் கேட்டதற்கு, "இன்னும் யோசிச்சு முடியல்ல" என்றாராம். கடை திறந்து முப்பது வருடமாகியும் தன்னைப் பெட்டிக்கடைக்காரன் என்று சொல்லிக் கொள்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்!

"சீதனம் எதிர்பார்க்கவில்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மனம் குளிர்ந்து தொலைபேசி எடுத்தால், மாப்பிள்ளையின் உம்மா கேட்கிற முதற் கேள்வி: "வீடு எத்தன அறை? தட்டா, ஓடா?"

தளங்களுக்கும் நம்மைப் புரிவதில்லை. இந்தியாவில் செய்த தளம் ஷேக்கா, சையதா, பட்டாணியா, லெப்பையா, ராவுத்தரா என்று கேட்கிறது. நம் பெரியவர்கள் கேட்கிற குடியும் ஊரும் அதில் கிடையாது. இன்னொரு செயலி ஆள் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறார் என்று காட்டுகிறது. களப்பின் இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரை மாப்பிள்ளை கூப்பிடு தூரத்தில் இருப்பதாகச் சொல்லும். பாலத்தைச் சுற்றிப் போகிற தூரம் அதற்குத் தெரியாது.

சரி, ஏன் இத்தனை பேர் இதில் போய் விழுந்தார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரைப் பகுதியில் சண்டை நடந்தபோது இந்தத் திருகோணமலைப் பாதை மூடிக் கிடந்தது. அதற்கு முந்திய காலத்திலும் இதனூடாகப் போய் வருவது பயந்த பயணம்தான். ஊருக்கு ஊர் போய் வந்த தரகர்கள் கால் ஒடிந்த மாதிரி ஆனார்கள். பின்னர் பாதை திறந்தது, பாலமும் புதிதாக வந்தது. அதற்குள் பொடியன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். 2022இல் நாடு நொடிந்தபோது அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். மாப்பிள்ளை தோஹாவில், பெண் ஓட்டமாவடியில் என்றால் தரகர் குடையை எடுத்துக்கொண்டு எங்கே நடப்பது? ஆகவே இணையம் வந்ததில் பிழை சொல்ல முடியாது. அது ஒரு தேவையைப் பார்த்து வந்த கடை.

அந்தக் கடை எப்படி வளர்ந்தது என்பதை வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் கணினி வேலை பார்த்தபோது, 1997இல் தமிழர்களுக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதில் கலியாண விளம்பரப் பகுதிக்குத்தான் ஆள் அதிகம் வருகிறது என்று கண்டு, அதையே தனித் தொழிலாக்கினார். அதுதான் பாரத் மெட்ரிமொனி. அதன் கிளைகளில் முஸ்லிம்களுக்கான தளமும் ஒன்று. 2017இல் அந்தக் கம்பனி இந்தியப் பங்குச் சந்தைக்கே வந்தது. அவர் தன் மனைவியைக் கண்டுபிடித்ததும் தன் தளத்தில்தான். இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரில் அதீம் யூனிஸ் என்பவர் 2000இல் சிங்கிள் முஸ்லிம் என்ற தளத்தைத் தொடங்கினார். வங்கி வேலையை விட்டு வந்த ஷாஸாத் யூனஸ் 2015இல் மஸ்மெட்ச் என்ற செயலியை வெளியிட்டார்.

இந்த மஸ்மெட்சின் கதை கவனிக்க வேண்டியது. டிண்டர் முதலிய செயலிகளை நடத்துகிற அமெரிக்க மெட்ச் குழுமம், 2017க்கும் 2019க்கும் இடையில் அதை விலைக்கு வாங்க நான்கு தடவை முயன்றது. மூன்றரைக் கோடி டொலர் வரை விலை பேசியது. விற்கவில்லை. பிறகு பெயர் தங்கள் பெயரைப் போல இருக்கிறது என்று வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம் மெட்ச் குழுமத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. செயலி மஸ் என்று பெயரை மாற்றிக் கொண்டது. ஒரு கிலோ சரக்குக்கூடச் சொந்தமாக இல்லாத கடைக்கு மூன்றரைக் கோடி டொலர்! அந்த விலை எதற்கு? தேடிக் கொண்டிருக்கிற ஆட்களுக்கு.

இங்கேதான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும். எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் எதிராளிக்குக் காசு எப்போது வருகிறது என்று பார்த்தால், அவர் எதற்காகப் பாடுபடுவார் என்பது விளங்கிவிடும். பழைய தரகருக்குப் போக்குவரத்துச் செலவும் தேநீரும் முதலில் கிடைக்கும். பெரிய காசு காவின் எழுதிய பிறகுதான். ஆகவே எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவர் செருப்புத் தேய நடந்தார். இணையத்தளத்துக்குச் சந்தா மாதாமாதம், அல்லது மூன்று மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு என்று வருகிறது. பிள்ளைக்கு இடம் சரிவந்தால் அந்தச் சந்தா நின்றுவிடும். அவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல கலியாணங்கள் நடந்தால்தானே அவர்களுக்கும் பெயர். ஆனாலும் நம் வீட்டில் ஒரு பிள்ளை இன்னும் ஒரு வருடம் காத்திருப்பதால் தரகருக்கு நட்டம், தளத்துக்கு நட்டமில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டும்.

தரகர் ஒன்றும் அவுலியா அல்ல. மூன்று ஏக்கர் வயலை முப்பது ஏக்கராக்கிய தரகரும், வயிற்று வலிக்காரரைப் பயில்வான் என்று சொன்ன தரகரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவரிடம் ஒரு குணம் இருந்தது. அவர் பரிந்து பேசுவார். மாப்பிள்ளை வீட்டார் "இருபத்தஞ்சுக்கு மேல வேணாம்" என்றால் எழுந்து போய்விட மாட்டார். "என்ன உம்மா நீங்க, இருபத்தொன்பது ஒரு வயசா? அந்தப் புள்ளதான் வாப்பாட ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பாத்தது. அந்தக் கைப்பக்குவத்துக்கு நீங்க ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கணும்" என்பார். பெண்ணின் உம்மாவிடம் வந்து, "மாப்பிள நெறம் கொஞ்சம் கொறவுதான், ஆனா அஞ்சு நேரமும் பள்ளியில" என்பார். பாதி அவருடைய தரகுக்காக; மீதி உண்மை. அந்தப் பாதி உண்மையினால் எத்தனையோ குடும்பங்கள் உண்டாயின.

இணையத்தளத்தில் இருப்பது அரிதட்டு. வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து என்று விரலால் ஒரு கோட்டை இழுத்து வைத்தால், இருபத்தாறு வயதுப் பிள்ளை அந்தக் கணமே கீழே விழுந்துவிடும். அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்றே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவராது. வேண்டாம் என்று ஒருவர் வாய் திறந்து சொல்லுகிற மரியாதைகூட அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

நம் கிழக்கு மாகாணத்தில் இது மிகவும் கொடுமையாக வேலை செய்கிறது. இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். வாப்பா கட்டுகிறார், போதாவிட்டால் காக்காமார் கட்டுகிறார்கள். தங்கச்சிக்குக் கூரை ஏறும்வரை காக்காவும் கலியாணம் முடிக்காமல் இருக்கிறார். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. லிண்டல் மட்டத்தில் நின்ற எத்தனை வீடுகள் அப்படியே நின்றன என்பதை இந்தப் பாதையில் போகிறவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்தச் சுவர் நின்ற இடத்தில் நின்றது. பிள்ளையின் வயது நிற்கவில்லை. இருபத்தாறில் கூரைக்குக் காத்திருந்த பிள்ளைக்கு இருபத்தொன்பதில் கூரை வந்தது. வீடு முடிந்தது என்று தளத்தில் பதிந்தால், அதற்குள் அந்தப் பிள்ளை எல்லா அரிதட்டிலும் விழுந்துவிட்டது.

அரிதட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் கண்ணை எவ்வளவு பெரிதாக வைப்பது என்று தீர்மானித்தது நாம். பாலத்தடியில் ஒருவர் மகனுக்குப் பெண் தேடுவதைக் காட்டினார். வயது இருபத்துநாலு வரை, நிறம் வெள்ளை, சொந்த வீடு என்று குறித்து வைத்திருந்தார். அதே தொலைபேசியில் தன் மகளுடைய குறிப்பையும் காட்டி, ஆறு மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, இந்தத் தளம் கள்ளத் தளம் என்று ஏசினார். மகளுக்கு வயது முப்பது. பக்கத்தில் இருந்த மூதூர்க்காரர் மெதுவாகக் கேட்டார்: "காக்கா, உங்கட மகனுக்கு நீங்க போட்ட கணக்க மத்த வாப்பாமாரும் போட்டிருந்தா, உங்கட மகள் யார்ர கண்ணுல படும்?" அவர் பதில் சொல்லவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தோணியைப் பார்க்கப் போனார்.

கதீஜா நாயகியின் வரலாறு நமக்குப் புதிதல்ல. அவர் ஒரு வணிகர். சிரியாவுக்குப் போன வியாபாரப் பயணத்தில் நபியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைக் கூடப் போன பணியாளர் மைசரா வந்து சொன்னார். அதுதான் விசாரணை. பின்னர் நபீஸா என்ற தோழி போய்ப் பேச்சை எடுத்தார். அதுதான் பரிந்து பேசுவது. நாயகியின் வயது நாற்பது என்பதே பரவலாகச் சொல்லப்படுவது, நபியவர்களுக்கு இருபத்தைந்து. இன்றைய தளம் ஒன்றில் இதைப் போட்டிருந்தால் முதல் அரிப்பிலேயே போயிருக்கும். மீலாத் மேடையில் இந்த வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்குகிற நாம், வீட்டுக்கு வந்து இருபத்தைந்தில் கோடு போடுகிறோம்.

இனி ஏமாற்று வேலைகள். நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் தொழிலுக்கே அடிப்படைப் பாடம். விபரக் குறிப்பும் ஒரு குவியல்தான். முந்திய கலியாணம், பிள்ளை, கடன், நோய் இவற்றை உள்ளே வைத்துப் பட்டத்தையும் படத்தையும் மேலே பரப்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதைவிட மோசமானது, ஆளே இல்லாத குறிப்பு. வெளிநாட்டு டொக்டர், பொறியியலாளர் என்று அறிமுகமாகி, கொஞ்ச நாள் சலாம் சொல்லி, பிறகு "உங்களுக்குப் பரிசுப் பொதி அனுப்பினேன், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, இந்தக் கணக்கில் காசு போட்டு எடுங்கள்" என்பார்கள். இது இலங்கையில் பலரைப் பிடித்த பழைய தூண்டில். இலங்கைச் சுங்கம் இதுபற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. தனி ஆளின் வங்கிக் கணக்கில் சுங்க வரி கட்டுகிற வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. முகம் காணாத ஆளுக்கு ஒரு மூடை அரிசி கடன் கொடுக்காதவர்கள், முகம் காணாத மருமகனுக்கு இலட்சக் கணக்கில் போடலாமா?

இந்தத் தளங்களை விட்டு ஓடச் சொல்லவில்லை. தொலைபேசிப் புத்தகத்தைப் போல பாவியுங்கள். தரகர் என்று நம்பாதீர்கள். பெயரும் ஊரும் கிடைத்த பிறகு வேலை நம்முடையது. சந்தா கட்டுவதானால் குறுகிய காலத்துக்குக் கட்டுங்கள், தானாகப் புதுப்பிக்கிற வசதியை நிறுத்தி வையுங்கள். குறிப்பைப் பிள்ளையைக் கேட்டு எழுதுங்கள். பேச வேண்டிய கட்டத்தில் பிள்ளையைப் பேச விடுங்கள், வலீயும் அறிந்திருக்கட்டும். மஸ் செயலியில் வலீயைச் சேர்த்துக்கொள்ளும் வசதியே இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இரு வீட்டாரும் நேரில் சந்திக்காத பேச்சை நீட்ட வேண்டாம். வயதுக் கோட்டைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் குணத்தையும் குடும்பத்தையும் பாருங்கள்.

சீதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பற்றிப் பேசுகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கிற காசும் அசையும் பொருளும் பெண்ணின் பாவனைக்கென்றே அதில் சொல்லப்பட்டிருக்கிறது. காழியிடம் அதை மீட்கவும் வழி உண்டு. அதாவது சட்டத்தின் கண்ணில் அது மாப்பிள்ளையின் முதல் அல்ல. ஆகவே "எதிர்பார்ப்பு இல்லை" என்று எழுதுகிறவர்கள், வீட்டின் அறைகளை எண்ணாமல் அதை நிரூபிக்கட்டும். மகன் உள்ள வியாபாரிகள் முதலில் தொடங்கலாம். நமக்கு வசதி உண்டு. வாடகை வீட்டில் தொடங்கிய குடும்பம் இடிந்து போவதில்லை.

கடைசியாக நம் சங்கங்களிடமும் பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கடன் சரக்குக் கேட்டு ஒரு புதிய கடைக்காரர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அவருடைய ஊரில் மூன்று பேருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். செக் திரும்பியதா, அயலவரோடு எப்படி, வேலையாட்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துகொள்கிறோம். காலி முதல் மன்னார் வரை, கட்டார் முதல் லண்டன் வரை இந்தத் தொடர்பு நம்மிடம் இருக்கிறது. எந்தச் செயலியிடமும் இது இல்லை. ஊருக்கு இரண்டு வியாபாரிகள் பெயர் கொடுத்து, தூரத்து ஊரிலிருந்து வருகிற பேச்சுக்காலுக்கு இந்த விசாரணையை இலவசமாகச் செய்து கொடுக்கலாம். விசாரித்ததை வெளியே பேசாத ஆட்களாக இருக்க வேண்டும், அது முக்கியம். பெண்களின் விபரத்தைப் பள்ளிவாசல் சார்பில் ஒரு மூத்த ஆசிரியை வைத்திருக்கட்டும். இருபத்தொன்பது, முப்பது வயதுப் பிள்ளைகளின் பெயர்கள் அந்தக் கொப்பியில் முதற் பக்கத்தில் இருக்கட்டும். அவர்களுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசுகிற வாய் ஒன்று வேண்டும்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் ஊர்ச் சங்கத்தில் இந்தப் பேச்சை யாராவது ஒருவர் எடுங்கள். ஒரு கொப்பி, இரண்டு பேர், ஒரு தொலைபேசி இருந்தால் தொடங்கலாம். முதல் காவின் எழுதப்படும்போது, இன்ஷா அல்லாஹ், வலீமாச் சாப்பாட்டுக்கு இறால் என் பொறுப்பு.